தப்பு என்னுது இல்ல

ஊசியை வைக்கிற வேலையை உத்திராபதி யாரிடமும் விடுவதில்லை. கிராமபோன் எவருடையதாக இருந்தாலும் சரி, சொந்தக்காரரைத் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுத் தானே குனிவார். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதத்திலிருந்து கட்டைவிரல் அகலம் தள்ளி ஊசியை இறக்குவார். பிறகு வலது கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். அங்கே இருப்பவர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது. ஆண்குரல் ஒன்று குழைந்து குழைந்து ஒரு சரணத்தை முடிக்கும். வாத்தியங்கள் கொஞ்சம் ஓடும். அப்புறம் 'டும்' என்று ஓர் அடி விழும், யாரோ படியில் கால் இடறியதுபோல. உடனே பாட்டு தொடரும். உத்திராபதி ஊசியைத் தூக்கிவிடுவார்.

"கேட்டியா?" என்பார்.

முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமியின் சலூனுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரும் கேட்டே ஆக வேண்டும். கிருஷ்ணசாமி கத்தியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

"கேட்டேன்யா. டும்முனு ஒண்ணு வருது. நல்லாத்தான் இருக்குது."

"நல்லா இருக்கணும்னு போட்டது இல்லய்யா அது. அதுக்கு முன்னாடி என்னா கேட்டுச்சு?"

"பாட்டு கேட்டுச்சு."

"பாட்டு வரவேண்டிய நேரத்துல வந்துச்சா, அவசரப்பட்டு வந்துச்சா? அதச் சொல்லு."

கிருஷ்ணசாமி நியாயமான மனிதர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான்யா கேக்குது. வேணும்னா இன்னொரு தரம் வையி" என்பார். உத்திராபதி வைப்பார். நாற்காலியில் இருப்பவரின் கன்னத்தில் நுரை காய்ந்து வெடிக்கத் தொடங்கும். அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த டும் யார் வீட்டுச் சொத்து என்று மனத்துக்குள் நொந்துகொள்வார்.

அந்த டும் உத்திராபதியின் கை போட்டது. அதில் தகராறு இல்லை. அது தப்பா, இல்லையா என்பதில்தான் ஒன்றரை வருஷமாக இந்த மனிதருக்குத் தூக்கம் போயிருக்கிறது.

அவருக்குத் தொழில் ட்ரம் அடிப்பது. பெரும்பாலும் இசைத்தட்டுக்கு. நாடகக் கம்பெனிக்காரர், கோயில் விழாக் கமிட்டி, முகப்பவுடர் வியாபாரி, தேர்தலில் நிற்கிறவர், யாருக்குப் பாட்டுப் பதிய வேண்டுமானாலும் மதராசில் ஸ்டூடியோ பிடிப்பார்கள். வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்டு இராமதாஸ், இன்ன தேதிக்கு வா என்று கார்டு போடுவார். உத்திராபதி ட்ரம்களைக் கோணியில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றுவார். என்ன பாட்டு, யாருடைய பாட்டு என்பதெல்லாம் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஒரு தேர்தல் சமயத்தில் அடுத்தடுத்த நாள் எதிரெதிர்க் கட்சிகளுக்கு அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். எந்தக் கட்சிக்கு அடிச்சே என்று கடைத்தெருவில் மடக்கிக் கேட்டவர்களிடம், "எல்லாக் கட்சிக்கும் தாளம் நாலுக்கு நாலுதான்யா, கட்ட கடசியில டமார்னு முடிக்கச் சொல்றாங்க" என்றார்.

கற்றுக்கொண்டது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேண்டில். கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை, வலையை விட்டுவிட்டு வெள்ளைக் கால்சட்டை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் மார்ச் பண்ணியவர். கொடி மாறிய பிறகு பேண்டு கலைந்தது. கால்சட்டையும் எண்ணிக்கையும் மட்டும் அவரிடம் தங்கிவிட்டன. இன்றைக்கும் வாய்க்குள் ஒன்று, இரண்டு எண்ணுவது பிரெஞ்சில், ஆன், தே, த்ருவா, கத்ர் என்றுதான். அடிக்கிற குச்சியை பகேத் என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் மதராசுக்குப் போகும்போது எல்லைச் சாவடியில் ட்ரம்முக்குள் பாட்டில் இருக்கிறதா என்று சுங்கச் சிப்பாய்கள் தட்டித் தட்டிப் பார்ப்பார்களாம். "தட்டறதுதான் தட்டறே, தாளத்தோட தட்டு" என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தவர் இவர். வாய் அப்போதிருந்தே அப்படி.

கடல்காற்றில் தோல் தொய்ந்துவிடும். அதனால் காலையில் எழுந்ததும் சின்ன ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு இஸ்திரிக் கடைக்குப் போய்விடுவார். இஸ்திரிக்காரர் கரி மூட்டிப் பெட்டியில் போடுவதற்குள், அந்தக் கங்கின்மேல் தோலைக் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடு பண்ணுவார். விரலால் சுண்டிப் பார்த்து, திருப்தி வந்த பிறகுதான் டீ. திருப்தி வராவிட்டால் இஸ்திரிக்காரருக்கும் அன்று டீ கிடையாது.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற ஆளை ஸ்டூடியோவில் எங்கே உட்காரவைப்பார்கள் தெரியுமா? கதவுக்கு வெளியே. பாடுகிறவர் மைக்குக்கு முன்னால். வயலின் அவர் பக்கத்தில். ஆர்மோனியம், கிளாரினெட் நாலு முழம் தள்ளி. ட்ரம் சத்தம் எல்லாரையும் முழுங்கிவிடுமாம். ஆகவே வராந்தாவில், தீயணைக்கும் மணல் வாளிக்குப் பக்கத்தில் அவருக்கு ஸ்டூல். கதவைக் கால்வாசி திறந்து ஒரு செங்கல்லை அண்டக் கொடுப்பார்கள். அந்த இடுக்கு வழியாக அவருக்குத் தெரிவது பாடுகிறவரின் முதுகு மட்டும். முதுகைப் பார்த்தே யார் மூச்சு வாங்குகிறார், யார் திணறுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். "மதராசுல பெரிய பெரிய ஆளுங்க மொகம் எனக்குத் தெரியாது. பொடனியக் காட்டச் சொல்லு, பேரச் சொல்றேன்" என்பார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த இடுக்கில் அவர் பார்த்த முதுகு சக்கரபாணியுடையது. முத்தியால்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறாரே, அதே சக்கரபாணி. ஊருக்கே மொதலாளி. குரல் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. பணமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இசைத்தட்டு ஆசை வராமல் போகுமா? சொந்தமாகவே ஒரு பாட்டு எழுதிக்கொண்டார். 'கரையோரம் வந்த காற்றே, கதவைத் தட்டாதே' என்று பல்லவி. மதராசில் ஸ்டூடியோ பிடித்து, ட்ரம்முக்கு நம்ம ஊர் ஆள்தான் வேண்டும் என்று சொல்லி உத்திராபதியையே கூட்டிக்கொண்டு போனார். போகும்போது உத்திராபதிக்கு அதில் எவ்வளவு பெருமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கால்சட்டையை முந்தின நாளே கஞ்சி போட்டு வைத்திருந்தார்.

இரண்டாவது சரணம் முடிந்ததும் நாலு எண்ணிக்கை சும்மா விட்டு, அப்புறம்தான் பல்லவிக்கு வர வேண்டும். ஒத்திகை பார்த்தபோதெல்லாம் சக்கரபாணி மூன்றிலேயே பாய்ந்தார். பாட்டமைத்தவர் பொறுமையாகச் சொன்னார், நாலு விட்டு வாங்க என்று. சரி சரி என்று தலையாட்டினார் மொதலாளி. பாடும்போது இடது கையைப் பின்னால் மடக்கி இடுப்பில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம், பள்ளிக்கூட வாத்தியார் உலாத்துவதுபோல. அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் அந்தக் கையின் விரல்கள் துடிப்பதை இடுக்கு வழியாக உத்திராபதி பார்த்தார். பயத்தில் துடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பதிவின்போதும் அவர் மூன்றில் பாய்ந்தார். ஆர்மோனியமும் கிளாரினெட்டும் நாலுக்காகக் காத்திருந்தன. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். வராந்தாவில் இருந்த உத்திராபதியின் வலது கை, அவரைக் கேட்காமலே, பெரிய ட்ரம்மில் ஓங்கி ஒன்று வைத்தது. டும். அந்த அடியைக் கேட்டு வாத்தியக்காரர்கள் நாலை விட்டுவிட்டுப் பாட்டோடு ஒட்டிக்கொண்டார்கள். பாட்டு பிழைத்தது. திரும்பப் பாடலாம் என்றால் மொதலாளிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெளியே அடுத்த கம்பெனிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இதுவே போதும் என்று முடிவாயிற்று. கிளாரினெட்காரர் வெளியே வந்து உத்திராபதியின் தோளை அழுத்தி, "காப்பாத்துனேய்யா" என்றார். அவர் மதராசில் இருக்கிறார். சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லாருமே மதராசில்தான் இருக்கிறார்கள்.

தட்டு வந்து சேர்ந்த அன்று கடையில் ஒரே கூட்டம். சுண்டல், சர்பத் எல்லாம் உண்டு. பாட்டு ஓடியது. அந்த இடம் வந்ததும் முன்வரிசையில் யாரோ, "இங்க என்னமோ இடிக்குதே" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கூட்டம் சக்கரபாணியைப் பார்த்தது. அவர் முகம் கோணவில்லை. அழகாகச் சிரித்தார்.

"நம்ம உத்திராபதி அங்க லேசா தடுக்கிட்டான். போனா போவுது. நம்ம ஊரு ஆளு, கைய விட்டுட முடியுமா?"

ஆஹா, என்ன மனசு மொதலாளிக்கு என்று கூட்டம் உருகியது. உத்திராபதி பின்வரிசையில் கையில் சர்பத் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். மன்னித்துவிட்டவரை என்ன செய்வது? அத்தனை பேர் திரும்பிப் பார்த்துப் பரிவாகத் தலையாட்டியபோது, வாயில் இருந்த சர்பத்தை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

"வுழுந்தவன் காலு யாருக்கும் தெரியல. தூக்கிவுட்டவன் கைதான் தெரியுது. அந்தக் கையப் புடிச்சிக்கிட்டு, நீதான்டா தள்ளுனேன்னு சொல்றாங்க. அதுலயும் மன்னிச்சிட்டாராம். என்னை மன்னிக்க இவரு யாருய்யா?"

நியாயமான கேள்விதானே. செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியவர்களை ஊர் அனுதாபத்தோடு பார்க்கும். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கியவனை எந்த ஊரும் நன்றி சொல்லத்தான் சொல்லும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தத் தீபாவளிக்கு, கல்யாணப் பட்டு எடுக்கிறவர்களுக்கெல்லாம் அந்தத் தட்டு இனாம் என்று சக்கரபாணி அறிவித்துவிட்டார். பக்கத்து ஊர்களான சாரத்திலும் கருவடிக்குப்பத்திலும் கிராமபோனே இல்லாத வீடுகளுக்குள் உத்திராபதியின் டும் நுழைந்தது. ஒரு வீட்டில் அதை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருக்கிறார்கள். கடையிலோ தினமும் காலையில் கதவைத் திறந்ததும் ஒலிபெருக்கியில் முதலில் அந்தப் பாட்டுதான். தெருவில் போகிறவர்கள் அந்த இடம் வந்தால் ஒரு கணம் நின்று, டும் விழுந்ததும் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். 'உத்திராபதி தடுக்குன எடம்' என்று அதற்குப் பேர் விழுந்துவிட்டது. பேர் வைத்தவர்களுக்கு அவர்மேல் ஒரு பகையும் கிடையாது. பிரியமாகத்தான் சொல்கிறார்கள். வயிற்றெரிச்சல் அதில்தான் அதிகம்.

ட்ரம்காரனுக்கு சொத்து என்று இருப்பது நேரம் தவறாதவன் என்கிற பேர் ஒன்றுதான். குரல் இல்லை, ராகம் இல்லை, தட்டில் போட்டோ இல்லை. அந்தப் பேரும் போனால் கோணிக்குள் இருப்பது வெறும் மரமும் தோலும். தட்டு மதராசுக்கும் போய் இராமதாசின் காதிலும் விழுந்தது. கார்டு வருவது குறைந்தது, பிறகு நின்றது. உத்திராபதி ஒரு நாள் நேரிலேயே போய்க் கேட்டார். இராமதாஸ் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தாராம்.

"பாண்டிச்சேரியில தப்பு அடிச்சிட்டிருந்த ஆள கொண்டாந்து மைக்கு முன்னாடி வெச்சா தப்புதான்யா விழும்."

தப்பு என்பது பறையைப்போல ஒரு மேளம். சாவு வீட்டில் அடிப்பார்கள், காவல் தெய்வத்துக்கு அடிப்பார்கள். அதைச் சொன்னால் மனிதர் கூசிப்போய்விடுவார் என்பது இராமதாசின் எண்ணம். உத்திராபதி கூசவில்லை. வந்த கோபமே வேறு.

"தப்பு அடிக்கிறவன் தப்பா அடிச்சி நீ கேட்டிருக்கியாய்யா? எழவு வூட்டுல பொழுதுக்கும் நின்னு அடிப்பான், ஒரு அடி பெசகாது. அவன்கிட்ட வந்து நிக்கிறதுக்கு ஒனக்கு யோக்யதை இல்ல. அந்தத் தப்பு வேற, நீ சொல்ற தப்பு வேற. ரெண்டுமே என்னுது இல்ல."

சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாளிலிருந்துதான் தட்டும் கையுமாக வீடு வீடாகப் போகத் தொடங்கினார்.

மனைவி பூவாயி சந்தையில் மீன் விற்கிறவர். அவருக்கு இந்த வழக்கில் இரண்டு தீர்ப்பு உண்டு. வெளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. சந்தையில் ஒருத்தி வஞ்சிரத்தைப் புரட்டிக்கொண்டே, "ஒங்க வூட்டுக்காரரு தடுக்கி வுழுந்துட்டாராமே" என்று கேட்டாள். பூவாயி மீனை அவள் கையிலிருந்து பிடுங்கித் திரும்பக் கூடையில் போட்டு, "எங்க வூட்டுக்காரரு தடுக்குனா அலை நின்னுடும். நீ போய் வேற எடத்துல வாங்கிக்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது மட்டும் பேச்சு வேறு.

"ஏய்யா, பாட்டு நிக்காம ஓடுச்சா இல்லியா? அத வுட்டுத் தொலையேன். ஊரு ரெண்டு நாள் சிரிக்கும், மறந்துடும்."

"தெனம் காலையில ஒலிபெருக்கி வெச்சு மறக்க வுடாம பண்றானே."

"அந்த ஆளுக்குக் காது இல்ல. தான் பாய்ஞ்சது தனக்கே தெரியாது. தெரியாதவன்கிட்ட போயி என்னா நியாயம் கேப்பே?"

இந்த ஒரு வார்த்தையில்தான் உத்திராபதி கொஞ்சம் அடங்குவார். அதை அவரும் நம்பினார். தாளம் விளங்காத மனிதர். தான் விழுந்ததையே அறியாதவர். ஆகவே கண்ணில் பட்டவன்மேல் சொல்லிவிட்டார். தெரியாமல் செய்தவனிடம் எவ்வளவுதான் கோபப்படுவது என்று குழம்பைப் பிசைந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் விரல்கள் தட்டின் விளிம்பில் தட்டத் தொடங்கும். ஆன், தே, த்ருவா.

போன மாதம் சக்கரபாணியின் ஆள் வீட்டுக்கே வந்தார். கடைத்தெருவில் மொதலாளி மாடி வைத்துப் புதுக் கடை கட்டியிருக்கிறார். திறப்பு விழாவில் அந்தப் பாட்டை மேடையில் பாடப்போகிறார். ட்ரம்முக்கு உத்திராபதியே வர வேண்டுமாம். "பழசெல்லாம் மனசுல வெச்சிக்காத. தப்பத் திருத்திக்க ஒரு சான்ஸ் தரேன்னு மொதலாளி சொல்லச் சொன்னாரு" என்று வந்தவர் செய்தியை ஒப்பித்தார்.

பூவாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். துடைப்பம் எடுப்பாரோ என்று வந்தவர் நிலைப்படி வரைக்கும் பின்வாங்கினார். ஆனால் உத்திராபதி அமைதியாகத் தலையாட்டினார்.

"வரேன்னு சொல்லு. கட்டாயம் வரேன்."

அன்று சாயங்காலமே சலூனுக்குப் போய்த் திட்டத்தைச் சொன்னார். ரொம்பச் சின்னத் திட்டம்தான். அந்த மனிதர் மூன்றில் பாயட்டும். இந்தத் தடவை டும் கிடையாது. "நான் பாட்டுக்கு நாலு எண்ணிக்கிட்டு நேராப் போயிடுவேன். அப்ப தெரியும் ஊருக்கு, தடுக்குனது யாருன்னு." உள்ளூர் ஆர்மோனியக்காரரையும் பழைய பேண்டு கூட்டாளியான கிளாரினெட்காரரையும் உட்காரவைத்து, தட்டில் இருப்பதை மறந்துவிட்டு ஒழுங்காக நாலு எண்ணி வரும்படி பழக்கினார். ஒத்திகைக்கு மொதலாளி வரவில்லை. நேராக வந்து பாடிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிருஷ்ணசாமி அன்று கடையை மூடிவிட்டு, முகம் வழிக்க வந்தவர்களையெல்லாம் முன்வரிசைக்கு ஓட்டிக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த நுரை காய்ந்தவர்களுக்கும் ஒரு விடிவு வேண்டாமா?

பூவாயிக்குத்தான் நம்பிக்கை இல்லை.

"ஒன்னால முடியாதுய்யா. ஒருத்தன் வுழுந்தா புடிக்காம இருக்கிற கையா அது? எனக்குத் தெரியாதா?"

உத்திராபதிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒன்றரை வருஷமாக ஊரோடு வாதாடிவிட்டார்; சொந்தக் கையோடு வாதாடிப் பார்த்ததில்லை. திண்டுத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, மனத்துக்குள் பாட்டை ஓட்டி, அந்த இடத்தில் அடிக்காமல் இருக்கப் பழகினார். முக்கால்வாசித் தடவை கை தலையணையில் டும் என்று விழுந்தது. சனியன், சனியன் என்று கையையே திட்டினார்.

திறப்பு விழா மாலை வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. கடை வாசலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஜமுக்காளம் விரித்த மேடை. பாதி மேடையைப் பூந்தொட்டிகளும் பட்டுச் சேலை கட்டிய பொம்மைகளும் பிடித்துக்கொண்டன. ட்ரம்மைத் தள்ளி வைக்க இடமில்லை. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உத்திராபதிக்கு ஸ்டூல் போட்டார்கள். ஸ்டூடியோவில் வராந்தாவில் கிடந்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்குக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. முன்வரிசையில் கிருஷ்ணசாமியும் அவருடைய படையும். ஓரத்தில் பூவாயி, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

சக்கரபாணி சரிகை வேட்டியில் வந்து கும்பிட்டார். திரும்பி உத்திராபதியைப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்கிறமாதிரியே, "பயப்படாம அடிப்பா" என்றார். கூட்டம் சிரித்தது. உத்திராபதி இரண்டு குச்சிகளையும் எடுத்துக்கொண்டார்.

பாட்டு நன்றாகவே போயிற்று. முதல் சரணம் போயிற்று. உத்திராபதி முதுகைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். சக்கரபாணியின் இடது கை வழக்கம்போலப் பின்னால் மடங்கி இடுப்பில் கிடந்தது. ஸ்டூடியோவில் கதவிடுக்கில் அரையும் குறையுமாகத் தெரிந்த கை, இப்போது முகத்துக்கு நேரே, மோதிரத்துக் கல்லை எண்ணிவிடக்கூடிய கிட்டத்தில். அது துடிக்கவே இல்லை. பாட்டு முழுக்க ஆணி அடித்ததுபோல அசையாமல் இருந்தது. பயந்த கை இப்படி இருக்காதே என்று உத்திராபதிக்குத் தோன்றியது.

இரண்டாவது சரணத்தின் கடைசி வரி வந்தது. அந்தக் கை மெதுவாக விரிந்தது. உள்ளங்கை ட்ரம்மைப் பார்த்துத் திரும்பியது. நாலு விரலும் சேர்ந்து மடங்கி மடங்கி, வா, வா, பிடித்துக்கொள் என்று கூப்பிட்டன. கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. அவர்களுக்குச் சிரித்த முகம் மட்டும் தெரிந்தது.

அன்று கதவிடுக்கில் துடிப்பாகத் தெரிந்ததும் இதே அழைப்புதான். அப்படியென்றால் இந்த ஆளுக்குத் தெரியும். இன்றைக்கு மட்டுமல்ல, அன்றைக்கும் தெரியும். பாயப்போகிறோம் என்று தெரிந்து, பிடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து, பிடித்தவன் யார் என்றும் தெரிந்துதான் சர்பத் கொடுத்துக் கூட்டம் கூட்டி மன்னித்திருக்கிறார். காது இல்லாத மனிதர் என்று தினமும் குழம்புச் சோற்றோடு விழுங்கிய சமாதானமெல்லாம் நெஞ்சில் புளித்து மேலே வந்தது. அட பாவி மனுஷா.

வலது கை பெரிய ட்ரம்முக்கு மேலே தானாக எழுந்துவிட்டது. பூவாயி சொன்னது சரிதான், அந்தக் கை கேட்காது. குச்சி அதில் இருக்கிறவரைக்கும் கேட்காது.

உத்திராபதி முன்னால் குனிந்து, கூப்பிட்ட உள்ளங்கையில் தன் வலது கைப் பகேத்தை வைத்தார். விழப்போகிறவன் கை எது அகப்பட்டாலும் பிடித்துக்கொள்ளும். சக்கரபாணியின் விரல்கள் அதை இறுக்கி மூடிக்கொண்டன. மூன்றிலே அவர் பாய்ந்தார். டும் வரவில்லை. உத்திராபதி மிச்சமிருந்த ஒற்றைக் குச்சியால் நாலாவதைச் சின்ன ட்ரம்மில் சுத்தமாக வைத்தார். ஆர்மோனியமும் கிளாரினெட்டும் அந்த நாலில் கம்பீரமாகப் பல்லவியைத் தொடங்கின. அதற்குள் மொதலாளி 'கரையோரம்' தாண்டி 'காற்றே'வுக்குப் போய்விட்டிருந்தார். ஒரு பாட்டு இரண்டு பாட்டாகி ஒலிபெருக்கியில் ஒன்றை ஒன்று மிதித்தது. அவர் தேடினார், பிடிக்கப் பார்த்தார், முடியாமல் நின்றார். வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றன.

சக்கரபாணிக்குப் பழகிய சிரிப்பு மட்டும் மாறாமல் திரும்பி வந்தது. மைக்கில் வாயை வைத்து, "போனா போவுது, நம்ம உத்திராபதி…" என்று தொடங்கி, பின்னால் இருப்பவரைச் சுட்டிக்காட்ட இடது கையை எல்லாரும் பார்க்க உயரத் தூக்கினார்.

அந்தக் கையில் குச்சி இருந்தது.